மரபணு கெடவில்லை, பழம் கெட்டது

செம்பனைப் பழத்தை ஆராய வருகிற புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, "நுனியைப் பார்க்காதே, அடியைப் பார்" என்பதுதான். நுனி எல்லாப் பழத்திலும் கறுத்தும் சிவந்தும் அழகாகத்தான் இருக்கும். நல்ல பழத்தின் அடி உருண்டு வழவழப்பாக இருக்கும். கெட்ட பழத்தின் அடியைச் சுற்றிச் சதைத் துண்டுகள் எழும்பியிருக்கும். ஆறு வரை எண்ணலாம். அவை பெருத்துவிட்டால் நடுவில் இருக்கிற உண்மையான பழம் நெருக்குண்டு, உள்ளே கொட்டையே இல்லாமல் போகும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் குலை பழுப்பதற்கு முன்பே அழுகிக் காய்ந்துவிடும். இத்தகைய பழத்தை ஆராய்ச்சிக்காரர்கள் 'மேன்டில்ட்' என்பார்கள்.

இந்தப் பழத்தைத் தேடி நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நிரை நிரையாக நடந்தது என் தொழிலின் முற்பாதி. பிற்பாதி, அதே மரங்களின் இலையிலிருந்து ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. தோட்டத்தில் கண்ணால் கண்ட கேடும் ஆய்வுக்கூடத்தில் தேடிய காரணமும் கடைசியில் சந்தித்த இடம், இருபத்துச் சொச்சம் எழுத்து நீளமே உள்ள ஆர்என்ஏ துண்டுகள். ஒரு செல் தன் மரபணுக்களில் எதைப் பேசவிடுவது, எதை அடக்கிவைப்பது என்று முடிவெடுப்பதில் இந்தத் துண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் தோட்டத்து மரம் ஒன்றை வைத்து இதைத் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என் பெற்றோர் ரந்தாவ் பக்கம் பால்மரம் சீவியவர்கள். 1960களிலிருந்து இந்த மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கு மாறின. எங்கள் தோட்டத்திலும் பால்மரங்கள் சாய்ந்தன. அம்மா வாளியை வைத்துவிட்டு நாற்றுமேடை வேலைக்குப் போனார். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பி, முளைவிட்ட விதையை ஊன்றி, ஏறக்குறைய ஓராண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்து, கன்றைக் காட்டுக்கு அனுப்ப வேண்டும். "ஒரே பெட்டியில வந்த விதைதான். ஆனா ஒண்ணு போல ஒண்ணு வர்றதில்ல" என்று அம்மா அடிக்கடி சொல்வார். ஆராய்ச்சிக் கூடங்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் திசு வளர்ப்பில் இறங்கியதற்கும் காரணம் அதேதான்.

நாம் நடுகிற செம்பனை 'டெனெரா' என்ற வகை. தடித்த ஓடுள்ள 'டூரா'வையும் ஓடே இல்லாத 'பிசிஃபெரா'வையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறைந்த சதையும் உள்ள டெனெரா கிடைக்கும். ஒரே மரபணுதான் இந்த ஓட்டைத் தீர்மானிக்கிறது என்பதைப் பெல்ஜியக் காங்கோவில் பெயர்னர்ட்டும் வாண்டர்வெய்யனும் 1941-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் ஓடு ஒன்றாக இருந்தாலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே பெற்றோருக்குப் பிறந்த கன்றுகளில் ஒன்று குலை குலையாகத் தள்ளும். இன்னொன்று சுமாராகக் காய்க்கும். ஒரு வட்டாரத்திலேயே சிறந்த மரத்தைக் கண்டுபிடித்து அதையே ஆயிரமாக்கினால், அதே நிலத்தில் 20 முதல் 30 சதவீதம்வரை கூடுதல் எண்ணெய் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். புதிதாகக் காடழிக்காமல் எண்ணெயைக் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை. அன்றும் இன்றும் நான் இதை நம்புகிறேன்.

தென்னையைப் போலவே செம்பனைக்கும் பக்கக் கிளை கிடையாது, பதியம் போட முடியாது. ஆகவே மரத்தின் உச்சியில் இன்னும் விரியாத வெள்ளைக் குருத்தை வெட்டியெடுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, வளர்ச்சி ஊக்கி கலந்த கூழில் வைக்கிறோம். இலையாக இருந்த செல் தான் இலை என்பதை மறக்க வேண்டும். அது உருவமற்ற திசுக்கட்டியாக, அதாவது 'கால்லஸ்' ஆகப் பெருக வேண்டும். பின்பு அதிலிருந்து கரு எழும்ப வேண்டும். கருவிலிருந்து குருத்தும் வேரும் வர வேண்டும். கண்ணாடிக் குடுவைக்குள் இத்தனையும் நடந்து ஒரு கன்று வெளியே வர ஆண்டுகள் ஆகும். பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

1970களில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் இதைச் சாதித்தன. மலேசிய மண்ணில் முதல் திசு வளர்ப்புச் செம்பனைகளை 1977-ல் ஜொகூர், குளுவாங்கில் நட்டார்கள். ஊரே எதிர்பார்த்தது. மரங்கள் பூத்துக் காய்த்தபோதுதான் பழத்தின் அடியில் அந்தச் சதைத் துண்டுகள் தெரிந்தன. கோர்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1986-ல் இதை விவரித்து எழுதினார்கள். சராசரியாக நூற்றுக்கு ஐந்து மரம் என்றார்கள். சராசரி என்பதுதான் இங்கே சிக்கல். சில வளர்ப்பு வரிசைகளில் ஒரு மரம்கூடக் கெடவில்லை. சிலவற்றில் மொத்தமும் கெட்டது. பல நிறுவனங்கள் பயந்து கையை இழுத்துக்கொண்டன.

ஐந்து சதவீதம் என்பது கடைத் தராசில் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஜெம்போல் பக்கம் பாலோங் ஃபெல்டா நிலக்குடியேற்றத்தில் நாலு ஹெக்டேர் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஹெக்டேருக்கு 136 மரம் என்றாலும் ஏறக்குறைய 544 மரம். அதில் 27 மரம் காய்க்காது. நட்டு மூன்றாம் ஆண்டுதான் அது தெரியவரும். அதுவரை உரம், களையெடுப்பு எல்லாம் அந்த 27 மரங்களுக்கும் உண்டு. பிறகு வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டால், சுற்றியிருக்கும் மரங்களின் நிழல் அதை எழும்பவிடாது. தோட்டத்தில் செம்பனையின் பயன்காலம் ஏறக்குறைய 25 ஆண்டு. அந்தக் குடும்பம் அத்தனை காலமும் அந்த இழப்பைச் சுமக்கும்.

பகாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தின் சோதனை நிரைகளில் நான் பழக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மதிய வெயில் தாங்காது. நாட்டிலேயே மழை குறைந்த பக்கங்களில் அதுவும் ஒன்று. அங்கே குலை வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நீண்ட கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் அருகில் வந்தார்.

"இந்த மரத்துல கத்தி வெக்கிறதே வேஸ்ட்டும்மா. பூ விடுது, கருகுது, மறுபடி பூ விடுது. பக்கத்து மரத்தப் பாருங்க, தூக்க முடியாத குலை. ரெண்டும் ஒரே மரத்தோட பிள்ளைன்னு மேனேஜர் சொல்றாரு. நெசமா?"

"நெசந்தான் ஐயா. ஒரே குருத்துலேருந்து எடுத்தது."

"அப்ப ரத்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அப்புறம் ஏம்மா இப்படி?"

அவர் கேட்ட கேள்விக்கு அன்று உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. நல்ல மரத்தின் டிஎன்ஏவையும் கெட்ட மரத்தின் டிஎன்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். இந்தக் கேட்டை விளக்கும் எழுத்துப் பிழை எதுவும் சிக்கவில்லை. இன்னொரு வியப்பும் இருந்தது. கெட்ட மரங்களில் சில, குறிப்பாக லேசாகக் கெட்டவை, சில ஆண்டுகள் கழித்துத் தாமாகவே நல்ல பழம் தரத் தொடங்கின. மரபணுவில் எழுத்து மாறிப்போயிருந்தால் இத்தனை மரங்களில் அது தானாகத் திரும்பி வராது. ஆகவே மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்தும் விதம்தான் கெட்டிருக்கிறது என்பது வரைக்கும் எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு அப்பால் பாதை இருட்டாக இருந்தது.

இந்த இடத்தில் செம்பனையை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவை அமெரிக்காவில் விக்டர் அம்புரோசும் கேரி ருவ்குனும் தனித்தனி ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 'லின்-4' என்ற மரபணு பழுதானால் புழு வளர்ச்சியின் முதல் கட்டத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். அம்புரோசின் குழு அந்த மரபணுவைத் தேடிப் பிடித்தபோது, அது எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. அதிலிருந்து வந்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏ மட்டுமே. 'லின்-14' என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்என்ஏவின் வால் பகுதியில், இந்தச் சிறு துண்டுக்குப் பொருந்துகிற எழுத்துகள் பல இடங்களில் இருப்பதை ருவ்குனின் குழு கண்டது. 1993-ல் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன. புழுவில் மட்டும் நடக்கிற விசித்திரம் என்று பலர் கடந்துபோனார்கள். 2000-ல் 'லெட்-7' என்ற இரண்டாவது சிறு ஆர்என்ஏ கிடைத்து, அது மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அம்புரோசுக்கும் ருவ்குனுக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். டிஎன்ஏ என்பது தோட்ட ஆபீசில் பூட்டிவைத்திருக்கும் பெரிய பேரேடு. அது ஆபீசை விட்டு வெளியே வராது. எந்த வேலை நடக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் கிராணி ஒரு சீட்டில் எழுதி வெளியே அனுப்புவார். அந்தச் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. மண்டோர் அதைப் படித்து ஆளை வேலைக்கு இறக்குவார். அதாவது ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கட்டும். மைக்ரோஆர்என்ஏ என்ன செய்கிறது என்றால், சீட்டு மண்டோர் கைக்குப் போவதற்கு முன் வழியிலேயே பிடிக்கிறது. சீட்டைக் கிழிக்கிறது, அல்லது படிக்க முடியாமல் செய்கிறது. பேரேட்டில் ஒரு எழுத்தும் அழியவில்லை, கிராணியும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் வேலை நடக்காது, அல்லது குறைவாக நடக்கும்.

பிடிக்கும் விதத்தில் விலங்குக்கும் செடிக்கும் வேறுபாடு உண்டு. இரண்டிலும் மைக்ரோஆர்என்ஏ முதலில் நீளமான ஓர் இழையாகப் பிறந்து, தன்மேலேயே மடங்கிக் கொண்டையூசி வடிவத்தில் நிற்கும். டைசர் குடும்பத்து நொதி அதை வெட்டிச் சிறு துண்டாக்கும். அந்தத் துண்டை ஆர்கோனாட் என்ற புரதம் பிடித்துக்கொண்டு, தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடும். விலங்கில் முன்பக்கத்து ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே பெரும்பாலும் போதும். தூது ஆர்என்ஏ முடங்கும், பிறகு மெல்லச் சிதையும். ஒரே மைக்ரோஆர்என்ஏ இப்படி நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திவைக்க முடிகிறது. செடியிலோ ஏறக்குறைய எல்லா எழுத்துகளும் பொருந்த வேண்டும். பொருந்தினால் ஆர்கோனாட் அதை நடுவில் வெட்டிவிடும். குறி குறைவு, ஆனால் வெட்டு உறுதியானது.

செடியில் இது எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்பதற்கு மக்காச்சோளம் நல்ல சான்று. உச்சியில் ஆண் பூங்கொத்து, இடுப்பில் பெண் கதிர் என்று அந்தச் செடி ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. 'மைக்ரோஆர்என்ஏ 172' வகையில் ஒன்றை உண்டாக்கும் மரபணு பழுதானால், உச்சியில் இருக்கும் ஆண் பூவிலேயே மணி கட்டத் தொடங்கும். ஆண் பூ ஆணாக இருப்பதற்கு, பெண் உறுப்பை அங்கே வளரவிடாமல் அடக்க வேண்டும்; அந்த அடக்குமுறைக்கு இந்த 21 எழுத்துத் துண்டு தேவை. 2007-ல் இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் மரத்திலும் ஆண் உறுப்பு வர வேண்டிய இடத்தில்தானே பெண் உறுப்பு வருகிறது!

ஆம், கெட்ட பழத்தின் அடியில் எழும்பும் அந்த ஆறு சதைத் துண்டுகளும் உண்மையில் சூலகங்கள். செம்பனையின் பெண் பூவில் வளர்ச்சி நின்றுபோன ஆறு மகரந்தத்தாள்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். அவைதாம் சூலகமாக மாறிப் பெருக்கின்றன. கெட்ட மரத்தின் ஆண் பூவிலும் அதே கதைதான். மகரந்தம் வர வேண்டிய இடத்தில் வளர்ச்சியற்ற சூலகம் வந்து நிற்கும். பூவில் எந்தச் சுற்றில் எந்த உறுப்பு என்பதை மூன்று வகை மரபணுக்கள் கூடித் தீர்மானிக்கின்றன என்று கோயனும் மெயரோவிட்சும் 1991-ல் விளக்கினார்கள். அதன்படி நடு வகை மரபணு வேலை செய்யாவிட்டால் மகரந்தத்தாளின் இடத்தில் சூலகம் வரும். செம்பனையில் அந்த நடு வகையைச் சேர்ந்தது 'டெஃபிஷியன்ஸ்' என்ற மரபணு. ஆகவே சந்தேகம் அதன்மேல் விழுந்தது இயல்புதான். ஆனால் எழுத்துப் பிழை இல்லாத மரபணு ஏன் தவறுகிறது?

மைக்ரோஆர்என்ஏவுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. செடிகளில் 24 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்என்ஏக்கள் ஏராளம். இவற்றை மைக்ரோஆர்என்ஏ என்று சொல்வதில்லை, பிறப்பும் வேலையும் வேறு. ஆனால் வெட்டுவதற்கு டைசர், பிடிப்பதற்கு ஆர்கோனாட் என்ற அடிப்படை அதேதான். மைக்ரோஆர்என்ஏ வெளியே போன சீட்டைப் பிடிக்கிறது என்றேன். இந்த 24 எழுத்துத் துண்டுகள் ஆபீசுக்குள்ளேயே திரும்பிப் போய், பேரேட்டின் பக்கத்தைத் தேடி, அதன்மேல் முத்திரை குத்தச் செய்கின்றன. அந்த முத்திரை மீத்தைல் குறி. டிஎன்ஏவின் 'சி' எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக் குழு. எழுத்தை அது மாற்றுவதில்லை. அந்தப் பகுதியை எடுத்துப் படிப்பதைத் தடுக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது முத்திரையும் பிரதியெடுக்கப்பட்டு அடுத்த செல்லுக்குப் போகும்.

செடிகளில் இந்த மௌனமாக்கலின் வரலாறு பூவிலிருந்துதான் தொடங்கியது. பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்டுவதற்காக அந்த நிறத்துக்கான மரபணுவையே கூடுதலாகச் சேர்த்தவர்கள், 1990-ல், பல செடிகளில் வெள்ளைப் பூ பூத்ததைக் கண்டார்கள். இங்கிலாந்தில் ஹாமில்டனும் பால்கூமும் 1999-ல், இப்படி மௌனமான செடிகளில் சிறு ஆர்என்ஏ துண்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். செடிகள் இந்த ஏற்பாட்டை வைத்திருப்பது பெரும்பாலும் வைரஸ்களுக்கும் தாவும் மரபணுக்களுக்கும் எதிராக. தாவும் மரபணு என்பது தன்னைத் தானே பிரதியெடுத்தோ பெயர்ந்தோ டிஎன்ஏவின் வேறு இடத்தில் போய் அமரும் துண்டு. பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் இதைக் கண்டறிந்து 1983-ல் நோபல் பெற்றார். செம்பனையின் மரபுத் தொகுதியில் பாதிக்கு மேல் இத்தகைய திரும்ப வரும் துண்டுகள்தாம். அவை அடங்கிக் கிடப்பதற்கு, அவற்றின்மேல் முத்திரை விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இந்தச் சிறு துண்டுகளைக் கையாள்வது தனிக் கலை. செம்பனை இலையில் பாலிஃபீனாலும் சர்க்கரைப் பிசினும் அதிகம். அரைத்த உடனே கரைசல் பழுப்பாகிவிடும். திரவ நைட்ரஜன் ஊற்றி, இலை கல்லாக உறைந்திருக்கும்போதே மாவாக்க வேண்டும். நம் வியர்வையிலேயே ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி இருப்பதால் கையுறை இல்லாமல் மேசையைக்கூடத் தொடக் கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், கடையில் வாங்கும் சாதாரணப் பிரிப்புக் குழாய்கள் 200 எழுத்துக்குக் குறைந்த ஆர்என்ஏவைப் பிடித்துவைக்காது. கழுவும் நீரோடு போய்விடும். ஆல்கஹாலின் அளவைக் கூட்டினால்தான் சிறு துண்டுகள் ஒட்டும். உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகப் பெரிய ஆர்என்ஏவை வைத்துக்கொண்டு சிறியதைத் தொட்டியில் ஊற்றியிருக்கின்றன. தேடத் தெரியாதவரை அது கழிவாகவே இருந்தது.

2015 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ராஜிந்தர் சிங், ரவிகதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோரும், அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்து ராபர்ட் மார்டியென்சனும், ஓரியன் ஜெனோமிக்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2013-ல், செம்பனையின் மரபுத் தொகுதியையும் ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதே இதழில் வெளியிட்டதும் இந்தக் கூட்டணிதான். முதன்மை ஆய்வாளர்களில் தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருப்பதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் அது சாதாரணச் செய்தி இல்லை.

நல்ல மரங்களையும் கெட்ட மரங்களையும் ஏராளமாகச் சேர்த்து, மரபுத் தொகுதி முழுவதிலும் மீத்தைல் குறி எங்கே வேறுபடுகிறது என்று அவர்கள் தேடினார்கள். வேறுபாடு வந்து நின்ற இடம் டெஃபிஷியன்ஸ் மரபணுவுக்குள்ளே. அந்த மரபணுவின் நடுவே, புரதத்துக்குச் சேராத ஒரு நீண்ட இடைப்பகுதியில், பழைய தாவும் மரபணு ஒன்று குடியிருக்கிறது. நெல்லில் 'கர்மா' என்று பெயரிடப்பட்ட ஒன்றின் உறவு என்பதால் இதற்கும் கர்மா என்றே பெயர். நல்ல மரத்தில் கர்மாவின்மேல் மீத்தைல் குறி அடர்த்தியாக இருக்கும். செல் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாமல் வெட்டி எறிந்துவிட்டு, மரபணுவின் மற்றப் பகுதிகளைச் சரியாக ஒட்டி முழுத் தூது ஆர்என்ஏவை உண்டாக்கும். கெட்ட மரத்தில் அந்தக் குறி இல்லை. குறி இல்லாததால் கர்மாவின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஒட்டிடம் வெளிப்படுகிறது. செல் ஏமாந்து அங்கே ஒட்டுகிறது. தூது ஆர்என்ஏ பாதியில் முடிகிறது. அதிலிருந்து முழு டெஃபிஷியன்ஸ் புரதம் வராது. மகரந்தத்தாளின் இடத்தில் சூலகம் வளர்கிறது.

அந்த ஒட்டிடத்தின் அருகே இருக்க வேண்டிய 24 எழுத்துச் சிறு ஆர்என்ஏக்களும் கெட்ட மரங்களில் குறைந்திருந்தன. திசு வளர்ப்பில் இலைச் செல் தன்னை மறந்து கால்லஸ் ஆகும் காலத்தில் இந்தச் சிறு துண்டுகளும் குறியும் சேர்ந்து தொலைகின்றன. சில மரங்களில் குறி திரும்பி வருகிறது. அவைதாம் தாமாகவே திருந்திய மரங்கள். பகாவ் பெரியவர் கேட்ட "ரத்தம் ஒண்ணுதானே" என்பதற்கு இதுதான் பதில். இரண்டு மரத்திலும் டெஃபிஷியன்ஸ் உண்டு, இரண்டிலும் கர்மா உண்டு, எழுத்தெல்லாம் ஒன்றே. ஒன்றில் கர்மா அடங்கியிருக்கிறது, இன்னொன்றில் அவிழ்ந்துவிட்டது.

கால்லஸைக் கையாண்டவர்களுக்கு இது ஒரு பழைய அனுபவத்தையும் விளக்கியது. குடுவையில் இரண்டு விதமான கால்லஸ் வருவதுண்டு. ஒன்று இறுகிய முடிச்சு முடிச்சாக, மெதுவாக வளரும். இன்னொன்று பொலபொலவென்று வேகமாகப் பெருகும். வேகமானதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குறைந்த காலத்தில் நிறையக் கன்று. ஆனால் அதிலிருந்து வந்த மரங்கள் ஏறக்குறைய முழுவதும் கெட்டவை என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். விற்பனை இலக்கு துரத்தும் இடங்களில் கன்று எண்ணிக்கைக்காக வளர்ப்பை நீட்டிக்கொண்டே போவதை நான் கண்டிருக்கிறேன், எதிர்த்தும் பேசியிருக்கிறேன். ஒரு குடுவை வரிசை எத்தனை கன்று தந்தது என்பதைவிட, எத்தனை மாதம் குடுவையில் கிடந்தது என்பதுதான் வாங்குகிற விவசாயிக்கு முக்கியம்.

இப்போது நாற்றுமேடையில் எங்கள் வேலை இது. கன்று உள்ளங்கை உயரத்தில் இருக்கும்போதே இலையில் ஒரு சிறு வட்டத்தைக் குத்தி எடுக்கிறோம். எண் ஒட்டிய குழியில் போட்டுப் பனிப்பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். கூடத்தில் டிஎன்ஏவைப் பிரித்து, மீத்தைல் குறி இருந்தால் வெட்டாத, இல்லாவிட்டால் வெட்டும் நொதிகளைக் கொண்டு கர்மாவின் ஒட்டிடத்தைச் சோதிக்கிறோம். இலையைப் பார்த்துப் பூவைச் சொல்ல முடிவதற்குக் காரணம், குறி செல்லுக்குச் செல் கைமாறி மரம் முழுவதும் போவதுதான். சிறு ஆர்என்ஏவையே நேரடியாக அளக்கலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். வெயிலில் நாலு மணி நேரம் லாரியில் வரும் இலையில் ஆர்என்ஏ நிற்காது. டிஎன்ஏவின்மேல் விழுந்த குறி நிற்கும். ஆராய்ச்சிக்கு ஆர்என்ஏ, நாற்றுமேடைக்குக் குறி. பூக்கும்வரை மூன்று ஆண்டு காத்திருந்து நான் பழத்தின் அடியில் தேடியதை, இன்று காட்டுக்குப் போகுமுன்பே இலை சொல்லிவிடுகிறது.

சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஒரே மரத்தில் ஒரு குலை நல்லதாகவும் இன்னொன்று கெட்டதாகவும் வருவதுண்டு. மரத்தின் சில செல்களில் குறி இருந்து, சிலவற்றில் இல்லாமற்போனால் இப்படி ஆகும். ஒரு வட்ட இலையில் அது சில சமயம் அகப்படாமல் போகும். அதனால் ஐயமுள்ள வரிசைகளில் இரண்டாவது இலையிலிருந்தும் குத்தி எடுக்கச் சொல்கிறேன். செலவு கூடுகிறது என்று கணக்குப் பார்க்கிறவர்களிடம் பாலோங்கின் 27 மரங்களைச் சொல்வேன். தேறாத கன்றுகளை வேறு யாருக்கும் மலிவு விலைக்குக் கொடுக்கக் கூடாது, நறுக்கி எருக்குழியில் போட வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சிறு நிலக்காரர்தான் மலிவுக் கன்றைத் தேடி வருகிறவர்.

கர்மாவின் குறி போய்விட்டதை இப்போது நாங்கள் கண்டுபிடிக்கிறோம். போகாமல் காப்பது எப்படி என்பதுதான் அடுத்த வேலை. வளர்ச்சி ஊக்கியின் அளவு, புதிய கூழுக்கு மாற்றும் இடைவெளி, கரு எழும்பும்வரை ஆகும் காலம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கால்லஸிலிருந்து பட்டாணி அளவு எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறோம். குருத்து வெட்டிய நாளிலிருந்து கன்று வேர்விடும்வரை ஒரு வரிசையின் முழுத்தொகுப்பும் சேர்ந்ததும், அந்த 24 எழுத்துத் துண்டுகள் எந்தக் கட்டத்தில் குறையத் தொடங்குகின்றன என்று எண்ணுவோம். அந்தக் கட்டம் தெரிந்தால், அதற்கு முன்பே குடுவையைக் கருவாக்கும் கூழுக்கு மாற்றிவிடலாம்.